அறுத்த கால்களும் மீட்ட கால்களும்

மேடவாக்கத்தில் நாம் குடியிருக்கும் தெருவில் முதியவர் ஒருவர் இருக்கிறார். தெருவார் அவரை ஹாஜியார் என்றே அழைப்பர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், சுபுஹுத் தொழுகை முடித்துப் பள்ளிவாசல் படியில் இறங்கும்போது அவருடைய இடக்கால் திடீரென்று மரத்துப்போயிற்று. கெண்டைக்காலில் தாங்கவியலாத வலி. பாதமோ ஈரத்துணிபோல் குளிர்ந்து கிடந்தது. நரம்பு சுருட்டிக்கொண்டது என்றார் ஒருவர். வாயு என்றார் மற்றொருவர். தைலம் தேய்த்தார்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தார்கள். அருகில் மருத்துவம் பார்க்கும் ஒருவர் வலிக்கு ஊசி போட்டு அனுப்பினார். ஊசியில் வலி அடங்கவே வீட்டாரும் சற்று ஆறுதலடைந்தனர். அஸருக்குப் பின்னர்ப் பாதத்தில் நீலம் படர்வதைக் கண்டு நகரத்திற்குக் கொண்டு சென்றபோது, பணியிலிருந்த மருத்துவர் கேட்ட முதல் வினா, "எத்தனை மணிக்குத் தொடங்கியது?" என்பதே. விடையைக் கேட்ட பின் அவர் அதிகம் பேசவில்லை. அன்றிரவு ஹாஜியாரின் கால் தொடையளவில் அகற்றப்பட்டது.

நோய் விசாரிக்கச் சென்றவர்கள் வழக்கம்போல உர்வா பின் ஸுபைர் (ரஹ்) அவர்களின் வரலாற்றை எடுத்துச் சொல்லித் தேற்றினர். காலிழந்த முஸ்லிம் எவரும் இந்த வரலாற்றைக் கேளாமல் இருந்திருக்க மாட்டார். ஹாஜியார் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு நம் பக்கம் திரும்பி, "உர்வாவுக்கு வெட்டுறதைத் தவிர வேற வழி இல்ல தம்பி. எனக்கு இருந்துச்சே" என்றார்.

இந்தச் சொல் நம்மை நெடுநாள் விடவில்லை. வேறு வழி என்பது எப்போது பிறந்தது? அது பிறக்க ஏன் அத்தனை நூற்றாண்டுகள் ஆயின? பிறந்த பின்னும் அது ஏன் எல்லாக் கால்களையும் எட்டவில்லை? இவ்வினாக்களின் பின்னே சென்று நாம் கண்டவற்றை இங்கே எழுதுகிறோம்.

உர்வா அவர்கள் அஸ்மா (ரலி) அவர்களின் மைந்தர். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் சகோதரி மகன். மதீனாவின் ஏழு ஃபுகஹாக்களுள் ஒருவர். உமையா கலீஃபா வலீத் பின் அப்துல் மலிக் (ஆட்சி: கி.பி. 705-715) அவர்களைக் காண ஷாம் நாட்டுக்குச் சென்ற பயணத்தில் அவருடைய கால் அழுகத் தொடங்கியது. இப்னு கல்லிகான், தஹபீ முதலிய வரலாற்றாசிரியர்கள் இந்நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளனர். அழுகல் மேலேறினால் உயிர் போகும் என மருத்துவர்கள் கூறினர். அறிவை மயக்கும் பானம் தர முன்வந்தபோது அவர் மறுத்துவிட்டார். இரம்பத்தால் கால் அறுக்கப்பட்டது. கொதிக்கும் எண்ணெயால் வெட்டுவாய் சுடப்பட்டது. தொழுகையில் இருக்கும்போது அறுத்தார்கள் என்று மேடைகளில் கூறப்படுவது பலவித அறிவிப்புகளில் ஒன்று. திக்ரில் இருந்தார் என்பது மற்றொன்று. அதே பயணத்தில் அவருடைய மகன் முஹம்மது, கால்நடையொன்று உதைத்ததால் இறந்துபோனார். இரண்டையும் பொறுத்துக்கொண்டு மதீனா திரும்பிய உர்வா, ஹிஜ்ரி 94 வாக்கில் இறையடி சேர்ந்தார். அறுவைக்குப் பின்னும் அவர் சில ஆண்டுகள் வாழ்ந்தார் என்பது நம் சொற்பொழிவாளர்கள் அழுத்திச் சொல்லாத செய்தி. அந்த அறுவை வெற்றி பெற்ற அறுவையாகும். அக்காலத்து மருத்துவர்கள் தங்கள் தொழிலை அறிந்தே செய்திருக்கிறார்கள்.

அவருக்கு வந்த நோயை நூல்கள் 'அல்-ஆகிலா' என்கின்றன. தின்பது, அரிப்பது என்று பொருள். புண் புரையோடுவது, தொற்றால் சதை அழுகுவது, இரத்தம் நின்று உறுப்பு கறுப்பது யாவும் அக்காலத்தில் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கின. ஆகவே இன்றைய நோய்ப்பெயரை அவர் காலுக்குச் சூட்டுவது முறையன்று. அச்சொல்லில் பொதிந்துள்ள கருத்தே நமக்கு முக்கியம். காலுக்குள் ஏதோவொன்று புகுந்து அதனைத் தின்றுகொண்டே மேலேறுகிறது என்பதே அது. நோய் காலில் இருக்கிறது என்றால், காலை நீக்குவதே மருத்துவம். இந்தக் கருத்து மாறாதவரை இரம்பத்தைத் தவிர வேறு கருவி எவர் மனத்திலும் உதிக்க இடமில்லை.

இதற்கு முந்நூறு ஆண்டுகள் கழித்து, ஸ்பெயினின் குர்துபாவுக்கு அருகிலிருந்த மதீனத்துஸ் ஸஹ்ரா நகரத்தவரான அபுல் காஸிம் அல்-ஸஹ்ராவி (இறப்பு: கி.பி. 1013 வாக்கில்) 'அத்-தஸ்ரீஃப்' எனும் முப்பது பகுதிகள் கொண்ட மருத்துவக் களஞ்சியத்தை நிறைவு செய்தார். இறுதிப் பகுதி அறுவை மருத்துவத்துக்கே உரியது. அதில் கை, கால்களை அறுப்பது பற்றி ஓர் இயல் உண்டு. கால்விரல் கறுத்தால் விரலின் மூட்டில் அறுக்க வேண்டும். பாதம் வரை வந்தால் கணுக்கால் மூட்டில். மேலும் ஏறினால் முழங்காலில் என்று அவர் படிப்படியாகச் சொல்லிச் செல்கிறார். முழங்காலையும் கடந்து தொடைக்கு ஏறிவிட்டதென்றால் மருத்துவன் செய்வதற்கு ஒன்றுமில்லை; நோயாளியை விதியின் கையில் விட்டுவிட வேண்டியதுதான். அறுக்கும் இடத்துக்கு மேலும் கீழும் இறுகக் கட்டுவது, உதவியாளர்கள் இருபுறமும் சதையை இழுத்துப் பிடிப்பது, இரம்பம் நல்ல சதையில் படாதவாறு துணியை இடையில் வைப்பது, குருதி பீறிட்டால் சூட்டுக்கோலையோ குருதியடக்கும் பொடியையோ விரைந்து பயன்படுத்துவது என ஒவ்வொன்றும் கைப்பழக்கம் உள்ளவரின் எழுத்து.

இந்த இயலின் இடையே ஸஹ்ராவி ஒரு மனிதரின் கதையைக் கூறுகிறார். அவருடைய கால்விரலில் கருமை தோன்றி, நெருப்புப் பட்டாற்போன்ற எரிச்சலுடன் பாதம் முழுவதும் பரவிற்று. அம்மனிதர் தாமே தம் பாதத்தை மூட்டில் அறுத்துக்கொண்டார், பிழைத்தும் கொண்டார். நெடுங்காலம் சென்றபின் அதே கருமை அவருடைய கையின் சுட்டுவிரலில் தோன்றியது. இம்முறை அவர் ஸஹ்ராவியிடம் வந்தார். மருந்துகளால் தடுக்க முயன்றும் அது அடுத்த விரலுக்கும் பின்னர்க் கைக்கும் பரவியது. கையை அறுத்துவிடுமாறு அவர் வேண்டினார். ஸஹ்ராவி இணங்கவில்லை. மருந்தில் இன்னும் சிறிது நம்பிக்கை இருந்தது. அறுத்தால் நோயாளி இறந்துவிடுவார் என்ற அச்சமும் இருந்தது, ஏனெனில் அவருடைய வலிமை குன்றியிருந்தது. நம்பிக்கையிழந்த அம்மனிதர் ஊர் திரும்பித் தம் கையைத் தாமே அறுத்துக்கொண்டார். நலமும் பெற்றார்.

ஒரு பெரும் மருத்துவர், தாம் தயங்கியதையும் தம் கணிப்புக்கு மாறாக நோயாளி பிழைத்ததையும் மறைக்காமல், பின்வருவோர்க்கு வழிகாட்டியாகட்டும் என்று எழுதி வைத்திருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இன்றைய மருத்துவ நூல்களிலும் இப்படிப்பட்ட ஒப்புதல்கள் அரிது. காலில் ஒரு முறை, பல காலம் கழித்துக் கையில் ஒரு முறை என்று நோய் இடம் மாறித் தாக்கியதை இன்றைய மருத்துவ மாணவர் படித்தால், உறுப்புகளை விட்டுவிட்டு இதயத்தையும் இரத்தக் குழாய்களையும் நோக்குவார். காலிலிருந்து கைக்கு ஒன்றும் ஊர்ந்து செல்வதற்கில்லை. இரண்டுக்கும் பொதுவாக உள்ள ஓரிடத்தில்தான் கோளாறு இருந்தாக வேண்டும். ஸஹ்ராவியின் காலத்தில் அந்த எண்ணத்துக்கு வேண்டிய உடலியல் அறிவு இருக்கவில்லை.

கருவிகளைப் பொறுத்தவரை அவர் எவர்க்கும் குறைந்தவரல்லர். அறுபட்ட தமனியிலிருந்து பீறிடும் குருதியை நிறுத்த நான்கு வழிகளைக் கூறுகிறார்: சூடு போடுவது, பாதி அறுந்த தமனியை முழுவதும் துண்டித்து அதன் முனைகள் சுருங்கச் செய்வது, வலிய நூலால் கட்டுவது, மருந்து வைத்து அழுத்திக் கட்டுவது. பிரான்சின் அம்புருவாஸ் பாரே 16ஆம் நூற்றாண்டில் காலறுவையின்போது தமனியை நூலால் கட்டியதைப் புதுமை என்று ஐரோப்பியர் கொண்டாட, அது ஸஹ்ராவியிடமிருந்து போனது என்று நம்மவர் கட்டுரை எழுதுவது வழக்கமாகிவிட்டது. கிரேக்க, உரோமானிய மருத்துவர்களும் தமனியைக் கட்ட அறிந்திருந்தனர் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. ஸஹ்ராவியின் அறுவைப் பகுதி 12ஆம் நூற்றாண்டில் துலைத்துலாவில் கிரெமோனா ஜெரார்டால் இலத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் பாடநூலாய் விளங்கிற்று. அந்தப் பெருமையே போதும். இல்லாததைக் கூட்டத் தேவையில்லை.

ஸஹ்ராவியின் மறைவுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து 'அல்-கானூன்' நூலை நிறைவு செய்த இப்னு ஸீனா, இந்நோயின் காரணத்தை மிக நெருங்கி வந்தார். உறுப்பு அழுகத் தொடங்கி உணர்ச்சி இன்னும் எஞ்சியிருக்கும் நிலையையும், உணர்ச்சி முற்றும் அற்று உறுப்பு இறந்துவிட்ட நிலையையும் கிரேக்கர் வழியில் இரு வேறு பெயர்களால் அவர் பிரித்துக் காட்டுகிறார். இன்றைய அறுவை மருத்துவரும் இதே கோட்டைத்தான் தேடுகிறார். உறுப்பு கெடுவதற்குக் காரணம் கூறும்போது, அதிலுள்ள உயிராற்றலைக் கெடுப்பது ஒன்று, உயிராற்றல் அதனை வந்தடையாமல் தடுப்பது மற்றொன்று என வகுக்கிறார். தடுப்பதற்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, உறுப்பை அதன் அடியில் இறுகக் கட்டி நெடுநேரம் விட்டுவிடுவது. இதனை ஆழ்ந்து நோக்கினால், நோய் காலில் இல்லை, காலுக்கு வரும் வழியில் இருக்கிறது என்ற எண்ணத்தின் வாயிற்படிவரை அவர் வந்துவிட்டார் என்பது விளங்கும். ஆனால் வழியில் ஓடுவது எது, அது எங்கிருந்து புறப்பட்டு எங்கே திரும்புகிறது என்பது தெரியாதபோது, வழியைத் திறக்கலாம் என்று தோன்ற இயலாது.

கி.பி. 1242இல் இப்னு நஃபீஸ், இதயத்தின் வலப்புறத்துக் குருதி நுரையீரல் வழியாகவே இடப்புறத்தை அடைகிறது என்று எழுதினார். இரு அறைகளுக்கும் இடையிலுள்ள சுவரில் துளைகள் உண்டு என்ற காலன் கூற்றை மறுக்கும் துணிவு அவருக்கு இருந்தது. அந்த ஏட்டுப் பிரதியை 1924இல் எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்-ததாவீ பெர்லினில் கண்டெடுத்தார். அதன்பின் நம் இதழ்களில் இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்தவர் ஹார்வி அல்லர், இப்னு நஃபீஸே என்று எழுதுவது மரபாயிற்று. இப்னு நஃபீஸ் கண்டது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் இடைப்பட்ட சிறு சுற்று. கால் வரை சென்று மீளும் பெருஞ்சுற்றை 1628இல் நிறுவியவர் வில்லியம் ஹார்வி. காலின் கதைக்கு வேண்டியது அந்தப் பெருஞ்சுற்றே.

ஹார்விக்குப் பின்னும் காலுக்கு உடனே விடிவு வரவில்லை. 1785இல் இலண்டன் மருத்துவர் ஜான் ஹண்டர், முழங்காலுக்குப் பின்னே தமனி புடைத்திருந்த வண்டியோட்டி ஒருவரின் தொடைத் தமனியைக் கட்டினார். முதன்மைக் குழாயே மூடப்பட்டும் கால் சாகவில்லை. பக்கக் கிளைகள் விரிந்து இரத்தத்தைக் கொண்டுசென்றன. மெல்ல மெல்ல அடைபட்டுவரும் கால், இத்தகைய பக்கவழிகளை முன்னரே வளர்த்துக்கொள்ளும். நல்ல கால் ஒரே கணத்தில் அடைபட்டால் அதற்கு அவகாசமில்லை. ஹாஜியாருக்கு நேர்ந்தது இந்த இரண்டாம் வகை. அன்று காலைவரை அவர் நோயின்றி நடந்துகொண்டிருந்ததே அவருக்கு எதிராயிற்று.

கணத்தில் அடைப்பது எது? 1840களில் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்ஹோ இதற்கு விடை கண்டார். ஓரிடத்தில் உறைந்த இரத்தக் கட்டி பிய்த்துக்கொண்டு ஓட்டத்தோடு சென்று, குழாய் குறுகும் இடத்தில் செருகிக்கொள்கிறது என்பதை அவர் பிரேத ஆய்வுகளாலும் சோதனைகளாலும் காட்டினார். பெரும்பாலும் அந்தக் கட்டி இதயத்தில் பிறக்கிறது. காலை ஒன்றும் தின்னவில்லை. காலுக்கு வரும் வாய்க்காலில் ஒரு கட்டை விழுந்திருக்கிறது. ஆகிலா என்ற சொல்லின் ஆட்சி அன்றோடு முடிந்தது.

கட்டையை எடுத்துவிடலாமே என்ற எண்ணம் பிறகு தானே வந்தது. கைதான் துணை செய்யவில்லை. 1895இல் உருசிய மருத்துவர் சபனேயெஃப் முதன்முதலாக முயன்று தோற்றார். தமனியைத் திறந்தால் மீண்டும் மூட வேண்டும். மூடிய தையலில் குருதி கசியவும் கூடாது, உறையவும் கூடாது. 1894இல் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சாதி கார்னோ லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டு, வயிற்றினுள் பெருஞ்சிரை கிழிந்து இறந்தார். கிழிந்த குழாயைத் தைக்கும் வித்தை எந்த அறுவை மருத்துவரிடமும் இல்லை. அந்நகரில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த அலெக்ஸி காரெல் இதனால் உந்தப்பட்டு, லியோனின் பட்டுத் தையற்காரப் பெண்மணி ஒருவரிடம் மெல்லிய ஊசியும் நூலும் கையாளக் கற்றார். வட்டமான குழாய் வாயை மூன்று இடங்களில் நூலிட்டு இழுத்து முக்கோணமாக்கி, நேர்க்கோட்டில் தைக்கும் அவருடைய முறை 1902இல் வெளியாயிற்று. 1912இல் நோபல் பரிசு அவரை நாடி வந்தது. ஒரு பூவேலைக்காரியின் கையிலிருந்து அறுவை மருத்துவத்துக்குச் சென்ற இவ்வித்தை இன்றும் உலகெங்கும் நாள்தோறும் பயன்படுகிறது.

1911இல் பாரிஸில் ஜார்ஜ் லபே, தொடைத் தமனியைத் திறந்து கட்டியை எடுத்துக் காலைக் காப்பாற்றினார். இத்துறையில் பதிவான முதல் வெற்றி இதுவே. ஸ்டாக்ஹோமில் ஐனார் கேய் இதனைப் பலருக்கும் செய்து பரப்பினார். ஆயினும் பல கால்கள் மீளவில்லை. கட்டி எடுத்த இடத்திலேயே இரத்தம் மீண்டும் உறைந்தது. அதற்கு மாற்று, 1916இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜே மக்லீன் என்ற மாணவர் நாயின் ஈரலில் எதிர்பாராமல் கண்ட பொருளிலிருந்து கிடைத்தது. அவருடைய ஆசிரியர் ஹவல் அதற்கு ஹெபாரின் என்று பெயரிட்டார். ஈரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழி வந்த பெயர். 1930களில் டொராண்டோவிலும் ஸ்டாக்ஹோமிலும் அது தூய்மைப்படுத்தப்பட்டு நோயாளிகளுக்குத் தரப்பட்டது.

ஹெபாரின் பற்றி நம் வாசகர்களுக்கு ஒரு செய்தி உண்டு. இன்று உலகில் பயன்படும் ஹெபாரினில் பெரும்பகுதி பன்றியின் குடற்சவ்விலிருந்து எடுக்கப்படுவது. மாட்டின் உறுப்புகளிலிருந்தும் எடுக்கலாம். ஆனால் 1990களில் பரவிய மாட்டு மூளை நோயின் அச்சத்தால் பல நாடுகளில் அது சந்தையிலிருந்து விலகிற்று. மக்காவில் 2003 டிசம்பரில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹ் பேரவையின் 17ஆம் அமர்வு இதனை ஆராய்ந்து, ஆகுமான மாற்று மருந்து இல்லாதபோது நுண்ணெடை ஹெபாரினால் மருத்துவம் செய்துகொள்ளலாம் என்று தீர்மானித்தது. நிர்ப்பந்த நிலை விலக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்ற அடிப்படை விதி மதரஸா மாணவர்க்கும் தெரிந்ததே. கால் கறுத்துக்கொண்டிருக்கும் நள்ளிரவில், மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டு ஆலிம்களைத் தொலைபேசியில் தேடுவோரை நாம் பார்த்திருக்கிறோம். தீர்ப்பு இருபது ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது என்பதை அவர்கள் அறிந்திருந்தால் அந்நேரம் மிஞ்சியிருக்கும்.

தையலும் மருந்தும் கிடைத்த பின்னும் ஓர் இடர் எஞ்சியது. தொடையில் திறந்தால், அங்குள்ள கட்டியை எடுக்கலாம். அதன் வால் கீழே கெண்டைக்கால் வரை நீண்டிருக்கும். அதனை வெளியே கொணர மருத்துவர்கள் காலைப் பல இடங்களில் கீறினர். கீழிருந்து உப்புநீரைப் பீய்ச்சினர். கட்டுத்துணியை இறுகச் சுற்றிப் பிதுக்கினர். உறிஞ்சு குழல்களை நுழைத்தனர். பல மணி நேரம் நீளும் இவ்வறுவையை இதய நோயாளிகள் தாங்கவில்லை. அமெரிக்காவின் சின்சினாட்டி நகர மருத்துவமனை ஒன்றில் பள்ளிப் பருவத்திலேயே எடுபிடி வேலைக்குச் சேர்ந்து, பின்னர் அறுவை அரங்கில் உதவியாளராக இருந்த தாமஸ் ஃபோகார்ட்டி இந்த மரணங்களைக் கண்டவர். 1934இல் பிறந்த அவர் தூண்டில் மீன்பிடிப்பில் ஆர்வமுடையவர். தூண்டில் முள்ளில் இறகும் நூலும் கட்டிச் செயற்கைப் பூச்சி செய்வதில் கைதேர்ந்தவர். மருத்துவம் பயின்ற காலத்தில், சிறுநீர்க் குழாய்க்குரிய மெல்லிய குழல் ஒன்றின் முனையில், கையுறையின் விரல்நுனியை வெட்டி வைத்து, அந்தத் தூண்டில் முடிச்சாலேயே கட்டினார். அக்காலப் பசைகள் அவ்விரண்டையும் ஒட்டவில்லை என்பதே முடிச்சுக்குக் காரணம். சுருங்கிய நிலையில் அக்குழல் கட்டியைத் துளைத்துக்கொண்டு அப்பால் செல்லும். அங்கே நீரேற்றினால் நுனி சிறு பலூனாய் உப்பும். பிறகு இழுத்தால், கட்டி முழுவதும் முன்னே தள்ளப்பட்டு வெளிவரும்.

1961இல் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பயன்பட்டது. ஃபோகார்ட்டியும் அவருடைய வழிகாட்டி ஜாக் கிரான்லியும் பிறரும் 1963இல் அதனை வெளியிட்டனர். அன்றிலிருந்து இவ்வறுவை இடுப்பு மடிப்பில் ஒரு சிறு கீறலாகச் சுருங்கியது. அவ்விடத்தை மட்டும் மரக்கச் செய்தே நோயாளி விழித்திருக்கையில் செய்துவிடலாம். தமனியை நாடாவால் பிடித்து, சிறிது திறந்து, குழலைக் கீழே செலுத்தி இழுக்கிறார்கள். கருஞ்சிவப்பு அட்டை போன்ற ஒன்று நெளிந்து வருகிறது. பின்னாலேயே கீழிருந்து இரத்தம் திரும்பி வழிகிறது. மெல்லிய நூலால் தைத்து மூடுகிறார்கள். வெளிறிக் கிடந்த பாதம் கண்முன்னே சிவக்கிறது. இதனைக் கண்ட மருத்துவர் ஒருவர், தம் பணிநாளில் இதைவிட நிறைவான காட்சி வேறில்லை என்று நம்மிடம் கூறினார்.

எல்லாக் கால்களுக்கும் பலூன் போதாது. நீரிழிவாலும் புகைப்பழக்கத்தாலும் குழாயே தடித்துக் குறுகி, அதன்மேல் இரத்தம் உறைந்தால், மாற்றுக்குழாய் வைக்க வேண்டும். 1948இல் பாரிஸில் ஜான் குன்லேன் நோயாளியின் சொந்தச் சிரையையே அதற்குப் பயன்படுத்தினார். 1990களிலிருந்து, கட்டியைக் கரைக்கும் மருந்தை நுண்குழல் வழியே நேரடியாகச் செலுத்துவதும் வழக்கிலுள்ளது. தமிழகத்தில் இதயத்திலிருந்து வரும் கட்டிக்கு நெடுங்காலம் முதன்மைக் காரணமாயிருந்தது வறுமையின் நோயான கீல்வாதக் காய்ச்சல். சிறுவயதில் தொண்டைப் புண்ணாய்த் தொடங்கி, இதய வால்வைச் சுருக்கி, நடுவயதில் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கி, அதன் மேலறையில் இரத்தத்தைத் தேங்கி உறையச் செய்யும் நோய் அது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1940களின் இறுதியில் அமெரிக்கரான ரீவ் பெட்ஸ் நெஞ்சறுவைத் துறையை நிறுவிய பின்னரே, சுருங்கிய வால்வை விரிக்கும் அறுவை தமிழ்நாட்டில் வேரூன்றியது. இன்று அக்காய்ச்சல் குறைந்துவருகிறது. முதுமையும் இரத்தக் கொதிப்பும் தரும் துடிப்புக் கோளாறு அதனிடத்தைப் பிடித்துள்ளது. ஹாஜியாருக்கும் சில மாதங்களாகவே நெஞ்சில் படபடப்பு இருந்திருக்கிறது. வயது என்று விட்டுவிட்டார்.

நம் புறநகர்ப் பகுதிக்கு மருத்துவ வரலாறு இல்லாமலில்லை. தாம்பரத்தில் 1928இல் டாக்டர் சவரிமுத்து காசநோய் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். 1937இல் அரசு அதனை ஏற்றது. சானடோரியம் இரயில் நிலையத்தின் பெயர் அதன் எச்சம். நகரத்துக்கு வெளியே, நல்ல காற்றுக்காகத் தேர்ந்த இடம் அது. ஆண்டுக்கணக்கில் ஆறப்போட்டு மருத்துவம் செய்யும் நுரையீரல் நோய்க்குத் தொலைவு நன்மை. மணிக்கணக்கில் முடிந்துவிடும் கால் அடைப்புக்கோ அதே தொலைவு பகை. இரத்தம் நின்ற காலின் நரம்பும் தசையும் ஏறத்தாழ ஆறு மணி நேரமே தாங்கும். அதன்பின் அடைப்பை நீக்கினாலும், இறந்த தசையிலிருந்து கசியும் நச்சும் பொட்டாசியமும் ஒருசேர இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பாய்ந்து உயிரையே கேட்கும். அப்போது காலை அகற்றுவதே உயிரைக் காப்பது. மருத்துவர் இன்றும் அவ்விடத்தில் ஸஹ்ராவி நின்ற அதே இடத்தில்தான் நிற்கிறார், அதே தயக்கத்துடன்.

சென்னையில் 1664இல் கோட்டைக்குள் பிறந்து, 1772 முதல் இன்றுள்ள இடத்தில் இயங்கும் அரசு பொது மருத்துவமனையும், அதனோடு இணைந்த சென்னை மருத்துவக் கல்லூரியும் இரத்தநாள அறுவைக்கெனத் தனித் துறை கொண்டவை. மேடவாக்கத்திலிருந்து அங்கே செல்ல இருபது கிலோமீட்டருக்கும் மேல். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய வேளச்சேரிச் சாலை காலை எட்டு மணிக்கு எப்படியிருக்கும் என்பதை இங்குள்ளோர் அறிவர். 2008 முதல் 108 ஊர்திகள் ஓடுகின்றன. 2022இல் நம் சந்திப்பில் மேம்பாலமும் முழுமையாகத் திறக்கப்பட்டது. பக்கத்தூர்களில் பெரிய தனியார் மருத்துவமனைகளும் எழுந்துவிட்டன. ஆயினும் பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிக் குடியிருப்புகளை நினைத்தால் மனம் கனக்கிறது. கூவம், அடையாற்றுக் கரைகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள், குறிப்பாக 2015 வெள்ளத்திற்குப் பின்னர், இங்கே குடியமர்த்தப்பட்டன. அவர்களுள் பலர் பொது மருத்துவமனைக்கு நடந்தே செல்லும் தொலைவில் இருந்தவர்கள். ஆறு மணி நேரம் என்ற கணக்கில் அவர்கள் இழந்ததை எந்த இழப்பீட்டுப் பட்டியலும் குறிக்கவில்லை.

தொலைவை மட்டும் குற்றம் சொல்வதும் சரியன்று. ஹாஜியாரின் பதினொரு மணி நேரத்தில் சாலை தின்றது இரண்டு மணி நேரங்கூட இல்லை. மீதியைத் தைலமும் ஒத்தடமும் ஊசியும் தின்றன. திடீர் வலி, வெளிறல், குளிர்ச்சி, மரப்பு, விரலை அசைக்க இயலாமை, நாடித் துடிப்பு மறைதல் ஆகியவற்றுள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரே காலில் வந்தால் அது நரம்புப் பிடிப்பன்று. தேய்ப்பதும் சுடுவதும் அக்காலுக்குத் தீங்கு. உணர்ச்சியற்ற தோல் வெந்நீரில் வெந்துவிடும்.

கே.கே. நகரிலுள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் ஹாஜியாருக்குச் செயற்கைக் கால் பொருத்தினார்கள். படி ஏறப் பழகிவிட்டார். தொழுகையில் பின்வரிசையில் நாற்காலியில் அமர்கிறார். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்கிறார். மற்றக் காலுக்கும் அதே இதயத்திலிருந்துதானே இரத்தம் வரவேண்டும். தொழுகை கலைந்ததும் யாரேனும் கால் வலிக்கிறது என்று சொன்னால், அவரைத் தம் அருகே உட்காரவைத்து, பாதத்தின் மேற்புறத்தில் பெருவிரலுக்கு நேர்மேலே இரு விரல்களை வைத்துத் துடிப்பைத் தேடுகிறார். கிடைத்தால் விட்டுவிடுகிறார். சென்ற ரமலானில் ஒருவருக்கு அது கிடைக்கவில்லை. தராவீஹ் முடியும் முன்பே ஊர்தியை வரவழைத்து அவரை அனுப்பிவைத்தார். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதி அவருடைய சட்டைப்பையில் வைத்தும் அனுப்பினார்.